மோர் குடித்த கணக்கு

வணக்கம். ஓய்வு பெற்ற பிறகு ஆலோசகராகத் தொழில் நடத்துகிற கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. அரிசி மில்லில் நெல் காயவைக்கும் டிரையர் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகியவன். குரல் கூடினால் சொல்லுங்கள்.

அரிசி ஆலை இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியில் 34 வருஷம் சர்வீஸ் வேலை பார்த்தேன். வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, ஒரத்தநாடு என்று பைக்கிலேயே சுற்றியவன். 58 வயதில் மாலை போட்டு அனுப்பினார்கள். மறுவாரமே 'அரிசி ஆலை ஆலோசகர்' என்று கார்டு அடித்துவிட்டேன். போனில் 600 பேர் நம்பர் இருக்கிறது, அப்புறம் என்ன கவலை என்று நினைப்பு.

மூன்று மாதத்தில் அந்த 600 பேரில் கூப்பிட்டவர்கள் 11 பேர். அதிலும் நாலு பேர் கல்யாணத்துக்கு அழைக்கக் கூப்பிட்டவர்கள்.

மீதி ஏழு அழைப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். எழுந்து நின்று கைகொடுத்த முதலாளிகள் யாரும் கூப்பிடவில்லை. அந்த மரியாதை கம்பெனி சட்டைக்குப் போனது. கூப்பிட்டது மில்லில் இயந்திரத்தைப் பழுது பார்க்கும் பிட்டர்களும் பாய்லர் ஆட்களும். மாசி மாதம் சம்பா நெல் குவிந்து கிடக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு யார் வந்து பேரிங் மாற்றினார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். "அவரைக் கூப்பிடுங்க முதலாளி" என்று அவர்கள் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு விளம்பரம். ஓய்வு பெறப்போகிறவர்கள் இப்போதே போனை எடுத்து, நீங்கள் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் யார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் தேறினால் போதும்.

சரி, காசுக்கு வருவோம். மன்னார்குடி பக்கம் 20 வருஷப் பழக்கமுள்ள ஒரு முதலாளி. அவர் மில்லில் நொய் அதிகம் விழுகிறது என்றார். ஆறு தடவை போனேன், என் பெட்ரோலில். குறை டிரையரில் இருந்தது. புழுங்கல் அரிசிக்காக ஊறி வெந்த நெல்லில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். அதை ஒரே மூச்சில் 14-க்கு இறக்கினால் உள்ளே விரிசல் விட்டு, அரைக்கும்போது நொய்யாகிவிடும். நடுவில் 18 வாக்கில் நிறுத்தி, சில மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம்தான் மறுபடி காயவைக்க வேண்டும். இவர்கள் அவசரத்தில் ஆறவிடாமல் ஓட்டிவிட்டு, அரிசி தீட்டும் பாலிஷர் இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். மோர் கொடுத்தார்கள், நல்ல மோர்.

அடுத்த மாதம் வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்து, அதே விஷயத்தைக் கேட்டு, பெரிய தொகை கொடுத்திருக்கிறார். வருத்தத்தோடு கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லையே சார்! நம்ம ஆளுக்கு எப்படிக் காசு நீட்டுறது, தப்பா நினைச்சுக்க மாட்டீங்களா?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. நம் ஊரில் தெரிந்தவரிடம் காசு கேட்க வாய் கூசும், கொடுக்கவும் கை கூசும்.

அதிலிருந்து முதல் நடை மட்டும் இலவசம். பிறகு என்ன பார்ப்பேன், எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்பிவிடுவேன். அதிலேயே கணக்கும் இருக்கும். அரசின் நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலை, புழுங்கல் என்றால் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி திருப்ப வேண்டும். குறைந்தால் கைக்காசு. நாளுக்கு 40 டன் அரைக்கிற மில்லில், 100 கிலோவுக்கு ஒரு கிலோ கூடுதலாகத் தேறினால் தினம் 400 கிலோ அரிசி. இதைப் படித்த பிறகு என் ஃபீஸைப் பற்றி யாரும் பேரம் பேசியதில்லை. கொஞ்சம் பேசுவார்கள், நான் கொஞ்சம் ஏற்றியே போட்டிருப்பேன்.

போய்ப் பார்க்கும் நேரமும் முக்கியம். அறுப்பு சீசனில் போய்க் கார்டு நீட்டினால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூரில் தண்ணீர் திறந்து, குறுவை அறுப்பு வரும்வரை மில் ஓட்டம் மந்தம். பராமரிப்பு வேலையெல்லாம் அப்போதுதான்.

ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்படாதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள், அவருக்கும் ஃபீஸ் கொடுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. இயந்திரம் விற்பவர்கள் கமிஷன் தருகிறேன் என்று வருவார்கள். நான் வாங்குவதில்லை. பிட்டருக்கு அது இரண்டே நாளில் தெரிந்துவிடும், அப்புறம் அவர் என்னைக் கூப்பிட மாட்டார்.

கேள்விகளை இங்கேயே கேட்கலாம். உங்கள் மில்லைப் பற்றி என்றால் மட்டும் வாசலுக்கு வாருங்கள், என் மனைவி ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.