மான்கொம்புப் பெரணி: அந்தக் காய்ந்த இலையைப் பிய்க்காதீர்கள்

[காட்சி: சுவரில் மாட்டிய மரப்பலகை, அதிலிருந்து கொம்பு கொம்பாக நீளும் இலைகள்]

இந்தச் செடிக்குத் தொட்டி கிடையாது, மண்ணும் கிடையாது. பலகையில் கட்டி ஆணியில் மாட்டியிருக்கிறேன். நர்சரியில் ஸ்டாக்ஹார்ன் என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். கிழக்கு ஆஸ்திரேலியா, நியூ கினி காடுகளில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்கிற பெரணி (ஃபெர்ன்). ஒட்டுண்ணி என்று நினைத்துவிடாதீர்கள். மரத்தின் சாறு இதற்குத் தேவையில்லை, உட்கார இடம் போதும்.

[காட்சி: செடியின் அடிப்பாகம், மிக நெருக்கத்தில்]

இதில் இரண்டு வகை இலை உண்டு. கொம்பு போலக் கிளைத்து முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது ஒன்று. அடியில் தட்டைக் கவிழ்த்தது போலப் பலகையை அணைத்துக்கொண்டிருப்பது இன்னொன்று. இந்தத் தட்டு இலை பச்சையாகத்தான் வரும். அப்புறம் பழுப்பாகி, தொட்டால் காகிதம் போலச் சரசரக்கும். செத்துவிட்டது என்று நினைத்து, முதல் வருடம் நான் ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தேன். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே மறைந்திருந்த வேர்கள் காற்றுப்பட்டுக் காய்ந்து, கொம்பெல்லாம் தொங்கிப்போயின.

காட்டில் மேலிருந்து விழுகிற சருகையும் மழைநீரையும் பிடித்து வைப்பது இந்தத் தட்டுகள்தான். சருகு அங்கேயே மக்கி உரமாகும். பழைய தட்டின் மேல் புதுத் தட்டு படரும். செடி தனக்குத் தானே செய்துகொள்கிற தொட்டி அது.

கொம்பிலைகளின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதும் தூசி இல்லை. நுண்ணிய ரோமம், ஈரம் போகாமல் காக்கும். துணியால் துடைக்க வேண்டாம். நுனிக்கு அடியில் பழுப்புத் திட்டு தெரிந்தாலும் பயப்படாதீர்கள், அது வித்துத்தூள் (ஸ்போர்); பெரணிக்கு விதை கிடையாது, இதிலிருந்துதான் இனம் பெருகும்.

[காட்சி: இரு கைகளில் பலகையைத் தூக்கிப் பார்ப்பது]

சரி, தண்ணீர் எப்போது? நான் நாள் கணக்குப் பார்ப்பதில்லை, தூக்கித்தான் பார்ப்பேன். நனைந்த பலகைக்கும் காய்ந்த பலகைக்கும் உள்ள கன வித்தியாசம் இரண்டு மூன்று முறையிலேயே கைக்குப் பழகிவிடும். லேசாகிவிட்டால் பலகையோடு வாளித் தண்ணீரில் 10, 15 நிமிடம் அமுக்கி வைத்து, சொட்டுவது நின்றதும் மாட்டுவேன். அடிப்பாகம் கறுத்து மெத்தென்று ஆனால் தண்ணீர் அதிகம். கொம்பு நுனி சுருண்டு காய்ந்தால் போதவில்லை.

வெளிச்சம் நன்றாக வேண்டும், உச்சி வெயில் வேண்டாம். உரம், வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, பாதியாக நீர்த்த திரவ உரம் போதும். தட்டுக்குள் வாழைப்பழத் தோலைச் செருகச் சொல்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் வைத்திருந்தால் ஈதான் மொய்க்கும், நான் செய்வதில்லை.

[காட்சி: பாசியைப் பலகையில் பரப்புவது]

புதிதாகக் கட்டுகிறீர்களா? பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து பரப்பி, அதன்மேல் செடியை உட்காரவைத்து, தூண்டில் நரம்பால் சுற்றுங்கள். நடுவில் குருத்து கிளம்பும் இடத்தின் மேல் மட்டும் நரம்பும் பாசியும் படக்கூடாது. நரம்பு அசிங்கமாகத் தெரிகிறதே என்று அவிழ்க்காதீர்கள். அடுத்தடுத்த தட்டுகள் அதை மூடிவிடும்.