ஆர்பெஜியோவுக்குள் பாட்டு எந்த விரலில் இருக்கிறது?

(காட்சி: பெரம்பூரில் ஒரு மாடி அறை. நைலான் தந்தி கட்டிய கிதார். வலது கை மட்டும் அருகில் தெரிகிறது.)

வணக்கம். பெரம்பூர், ராயபுரம் பக்கம் கிதார் எடுத்தவர்களில் பலர் தேவாலயப் பாடகர் குழுவில்தான் வாசிக்கத் தொடங்கியிருப்பீர்கள். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுதி) பிடித்து, பிக் என்ற சிறு தகட்டால் தந்திகளை ஒருசேர மீட்டி, பாடுகிறவர்களுக்குத் துணை போகும் வாசிப்பு அது. கிளாசிக்கல் கிதாருக்கு வரும்போது அந்தப் பழக்கம் வீணாவதில்லை. கார்டுகள் இடது கைக்கு ஏற்கெனவே தெரியும். வலது கைக்குத்தான் புது வேலை: அதே கார்டின் சுரங்களைத் தனித்தனி விரலால் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்ய வேண்டும். இதுவே ஆர்பெஜியோ.

இதற்கென்று ஆசிரியர்கள் கையில் கொடுப்பது இத்தாலியக் கிதார் கலைஞர் மௌரோ ஜூலியானியின் 120 வலது கைப் பயிற்சிகள். 1812இல் வியன்னாவில் வெளிவந்தவை. அத்தனைக்கும் சி மேஜர், ஜி செவன் என்ற இரண்டே கார்டுகள்தான். இடது கையைப் பற்றிய கவலையே இல்லாமல் வலது கையைப் பழக்கலாம். அருமையான பயிற்சி. ஆனால் அதை மாதக்கணக்கில் வாசித்தவர்கள்கூட ஒரு சிறிய இசைத்துண்டை எடுத்தால் எல்லாச் சுரங்களையும் ஒரே அழுத்தத்தில் வாசித்துவிடுகிறார்கள். பயிற்சியில் எல்லா விரல்களும் சமமாக ஒலிக்க வேண்டும். இசைத்துண்டில் அப்படி இல்லை. ஒரு விரல் பாடுகிறது. மற்றவை அதற்குத் துணை நிற்கின்றன.

(காட்சி: முதல் மூன்று தந்திகள் திரை முழுக்க.)

'ரொமான்ஸ்' என்று எல்லோரும் அறிந்த ஸ்பானிய இசைத்துண்டை எடுத்துக்கொள்வோம். இயற்றியவர் யார் என்பது இன்றும் உறுதியாகவில்லை. இ மைனர், முக்கால் தாளம். ஒவ்வொரு அடிக்கும் மூன்று சுரங்கள்: மோதிரவிரல் முதல் தந்தியில், நடுவிரல் இரண்டாவதில், ஆட்காட்டி விரல் மூன்றாவதில். ஒவ்வொரு பாரின் (மூன்று அடி கொண்ட தாளச் சுற்றின்) தொடக்கத்திலும் கட்டைவிரல் அடிநாதத்தைத் தருகிறது.

முதல் பாரில் முதல் தந்தியின் ஏழாம் ஃபிரெட்டில் (கிதார் கழுத்தின் குறுக்குக் கம்பிகளால் பிரிந்த கட்டத்தில்) மூன்று முறை பி என்ற சுரம். அடுத்த பாரில் பி, ஏ, ஜி என்று ஏழு, ஐந்து, மூன்றாம் ஃபிரெட்டுகளுக்கு இறங்குகிறது. பாட்டு முழுவதும் மோதிரவிரலில்தான். இரண்டாவது, மூன்றாவது தந்திகளோ திறந்தே ஒலிக்கின்றன. திறந்த தந்தி இயல்பாகவே கணீரென்று பேசும். மோதிரவிரலோ நம் கையில் பலம் குறைந்த விரல். ஆகவே ஒன்றும் செய்யாமல் விட்டால் துணைச்சுரங்கள் பாட்டை மூடிவிடும்.

முதலில் மோதிரவிரலால் பாட்டை மட்டும் வாசியுங்கள், வாயால் பாடிக்கொண்டே. பிறகு நடுவிரலையும் ஆட்காட்டி விரலையும் அவற்றின் முறை வரும்போது தந்தியைத் தொடமட்டும் செய்யுங்கள், ஒலி வேண்டாம். கை அசைவு பழகியபின் அந்த இரண்டையும் காதுக்கு எட்டும் அளவில் மட்டும் ஒலிக்க விடுங்கள். மோதிரவிரல் தந்தியை மேல்நோக்கிப் பிடுங்கக் கூடாது. பலகையை நோக்கிச் சற்றே அழுத்தி விடுவிக்க வேண்டும். ஒலி பருமனாக வருவது அந்த அழுத்தத்தால்தான். அடுத்த தந்தியில் விரலைச் சாய்த்து வாசிக்கும் அபோயாண்டோ முறையையும் சிலர் இங்கே பயன்படுத்துவார்கள். நடுவிரல் உடனே அந்தத் தந்தியைத்தான் வாசிக்க வேண்டியிருப்பதால், நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

(காட்சி: விரல்நுனி தந்தியில் அமர்வது, மெதுவான வேகத்தில்.)

இனி, விரலை முன்கூட்டியே அமர்த்துவது. வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கேரம் ஆடுகிறவர்களைக் கவனியுங்கள். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதற்கு முன் விரல் அதன் பின்னால் ஒரு கணம் நிலைகொள்ளும். தந்தியிலும் அந்த ஒரு கணம் தேவை. கட்டை, ஆட்காட்டி, நடு, மோதிரம் என்று மேலேறும் வரிசையில், கட்டைவிரல் ஒலிக்கும்போதே மற்ற மூன்றையும் சேர்த்து அமர்த்திவிடலாம். 'ரொமான்ஸ்' போல இறங்கும் வரிசையில் ஒவ்வொன்றாகத்தான் அமர்த்த வேண்டும். இசைத்துண்டில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: விரல் தொட்டவுடன் ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தி அடங்கிவிடும். அதனால் பயிற்சியில் தாராளமாக அமர்த்துங்கள். வாசிப்பில் கடைசி நொடிவரை காத்திருங்கள். கார்டு மாறும் இடத்தில் மட்டும் முழுமையாக அமர்த்தலாம். பழைய ஒலி அங்கே அடங்குவதே நல்லது.

நம் பகுதியின் கடற்காற்றில் பிற்பகல் வேளையில் விரல்நுனி பிசுபிசுக்கும், தந்தி வழுக்காது. காலையில் பயிலுங்கள்.

இடது கைக்கு ஒரே ஒரு யோசனை. பாரில் உள்ள சுரங்களையெல்லாம் சேர்த்து ஒரே கார்டாக வாசித்துப் பாருங்கள். எந்த விரல் அடுத்த கார்டுக்கும் அப்படியே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அதை எடுக்காதீர்கள்.

இதே கேள்வியை வேறு இசைத்துண்டுகளிடமும் கேளுங்கள். பாக் தனி செல்லோவுக்கு எழுதிய முதல் தொகுப்பின் முன்னிசையைக் கிதாரில் பெரும்பாலும் டி மேஜருக்கு மாற்றி வாசிப்பார்கள். அங்கே ஒவ்வொரு பாரின் முதல் அடிநாதத்தையும் கோத்துப் பார்த்தால் ஒரு பாதை கேட்கும்; அதைக் கட்டைவிரல் சொல்ல வேண்டும். பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸின் முதல் எட்யூடில் (பயிற்சி இசைத்துண்டில்) ஒரே விரல் வரிசை ஆறு தந்திகளிலும் ஏறி இறங்குகிறது. பாட்டு என்று தனியாக எதுவும் இல்லை. அங்கே கதை சொல்வது கார்டுகளின் மாற்றம்தான். ஒவ்வொரு பாரும் இருமுறை வருவதால், இரண்டாம் முறையைத் தணித்து வாசிப்பவர்கள் உண்டு.

வேகத்தைக் கடைசியில் கூட்டுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து 'ரொமான்ஸ்' முதல் நான்கு பார்களை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அடுத்த அறையிலிருந்து கேட்கும்போது பாட்டு மட்டும் தெளிவாகக் கேட்டால் 66க்குப் போகலாம்.