போன் வெளுத்துக் கொடுத்த முகம்

மேடையில் தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, சனிக்கிழமை லீவு நாளிலும் ஒன்பதாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் தலைமை ஆசிரியை அவர்களே, கிளினிக்கைப் பாதியில் மூடிவிட்டு வந்திருக்கும் தோல் மருத்துவர் அம்மா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த நம் நூலகர் தம்பிக்கும் வாசகர் வட்டத்து உறவுகளுக்கும் பின்வரிசையில் இடம் இல்லாமல் நிற்கிற பெற்றோருக்கும் வணக்கம். தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். இந்த மண்டபத்தைக் கேட்டுப் போய் நின்றபோது என்ன விஷயம் என்று முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எங்க வீட்லயும் அப்படி ஒரு வெளுக்கிற கிரீம் டப்பா இருக்கு சிஸ்டர், நீங்க பேசுங்க" என்றார். வாடகை வாங்கவில்லை. வாடகையை விட, ஒரு பொது மனிதர் தன் வீட்டு விஷயத்தை அப்படி ஒளிக்காமல் சொன்னதற்குத்தான் நான் நன்றி சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சமூக ஊடகமும் நம் உடம்பின் மேல் நமக்கு உள்ள மதிப்பும். இதில் மூன்று விஷயம் பேச நினைத்து வந்தேன். ஒன்று நிறம், இரண்டாவது எடை, மூன்றாவது நம் பையன்களும் அவர்களுடைய ஜிம்மும் புரோட்டீன் பவுடரும். நிறத்திலிருந்து தொடங்குகிறேன். அரசு மருத்துவமனையில் 31 வருடம் செவிலியராக இருந்தவள் நான், என் வீட்டிலேயே வந்து விழுந்தது இந்தப் பிரச்சினைதான்.

எங்கள் ஆச்சி சோறு பொங்கி முடித்ததும் பானை அடியில் ஒட்டியதைச் சுரண்டி என் கையில்தான் வைப்பாள். பேரப்பிள்ளைகளில் நான்தான் அட்டக்கறுப்பு. "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று சொல்லிக்கொண்டே தருவாள். அந்தப் பழமொழியைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். இன்றைக்கு வளர்கிற பிள்ளைக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தாலும், கையில் இருக்கிற போன் நாள் பூராவும் வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறதே, என்ன செய்ய?

என் அக்கா பேத்தி கதையைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், "தாராளமா சொல்லுங்க ஆச்சி" என்றாள். கணக்கில் எம்.எஸ்சி. முடித்த பிள்ளை, எங்கள் வம்சத்து நிறம். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். தாய்மாமன் அப்போதுதான் புது போன் வாங்கியிருந்தான், வாசலில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தான், தரகருக்கு அனுப்பினான். அந்த போனில் முகத்தை வழவழப்பாக்கி வெளுத்துக் காட்டுகிற பியூட்டி மோட் வாங்கும்போதே ஆன் ஆகி இருந்திருக்கிறது. மாமனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. யாரும் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இரண்டு காரில் வந்தார்கள், 14 பேர். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி எல்லாம் தயார். பிள்ளை பட்டுச்சேலை கட்டி காபித் தட்டைக் கொண்டு வந்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே போகிறாள். மாப்பிள்ளையின் அத்தை காபியை எடுத்துக்கொண்டு, நல்ல மனுஷிதான், சிரித்த முகமாக, "நீ தங்கச்சியாம்மா? போய் அக்காவ வரச் சொல்லு" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அங்கேயும் இரண்டு பேர் சிரித்தார்கள். பிள்ளை தட்டைப் பிடித்தபடி, "நான்தான்" என்றாள். அந்த அம்மா போனை எடுத்து போட்டோவைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், திரும்ப போட்டோவைப் பார்த்தார். அப்புறம் அந்த போன் கைமாறி கைமாறி 14 பேரிடமும் போய் வந்தது. ஒருவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. கேசரியைச் சாப்பிட்டார்கள், "கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்று எழுந்தார்கள். அன்று ராத்திரி நான் அவள் பக்கத்தில் படுத்திருந்தேன். இருட்டில் அந்த போட்டோவையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆச்சி, இது நான் இல்ல. ஆனா இவளத்தான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஆச்சி சொன்ன பழமொழி வாய் வரை வந்தது, அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதற்குப் பிறகு அவள் போனில் வெளுப்பதற்கான வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறாள். ஒன்றில் நாலு விநாடி கூடுதலாக நின்றால் போதும், அதே மாதிரி நாற்பதைக் கொண்டுவந்து கொட்டுகிற ஏற்பாடு அது. முன், பின் என்று இரண்டு முகம், பக்கத்தில் ஒரு வாட்ஸப் எண். ஒரு வாரத்தில் கொரியரில் டப்பா வந்தது. வெள்ளை டப்பா. என்ன மருந்து, எங்கே தயாரித்தது, காலாவதித் தேதி, எதுவும் இல்லை. பத்து நாளில் முகம் பளபளத்தது, அதுதான் கொடுமை. தெருவே பாராட்டியது. இரண்டு மாதம் கழித்து டப்பா தீர்ந்து இரண்டு நாள் போடாமல் விட்டதும் முகம் நெருப்பாக எரிந்தது, பருப்பருவாக வெடித்தது, கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக்குழாய் தெரிந்தது, மீசை அரும்புகிற இடத்தில் முடி. திரும்பப் போட்டால் அடங்கும். விட்டால் எரியும். பயந்து இன்னொரு டப்பா வாங்கியிருக்கிறாள், என்னிடம் சொல்லாமலே.

மேடையில் இருக்கும் டாக்டரம்மா இதை தினமும் பார்க்கிறார்கள். அது ஸ்டீராய்டு. கரப்பான், சொரியாசிஸ் மாதிரி நோய்க்கு, இத்தனை நாள்தான் என்று கணக்குப் பார்த்து மருத்துவர் எழுதித் தருகிற நல்ல மருந்து. அதை அழகு கிரீம் போல முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து போகும். 2018ல் மத்திய அரசே இந்த வகைப் பூச்சு மருந்துகளில் 14ஐ மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று அட்டவணை எச்-இல் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் ஒரு கடையில் நான் போய்ச் சும்மா கேட்டுப் பார்த்தேன், சீட்டு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, எடுத்து நீட்டிவிட்டார்கள்.

ஸ்டீராய்டாவது பெரும்பாலும் தோலோடு போகிறது. மலைக்கு அந்தப் பக்கம், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கலில், சிறுநீரில் புரதம் கொட்டுகிற சிறுநீரக நோயோடு வந்தவர்களை 2021 முதல் 2023 வரை மருத்துவர்கள் கூர்ந்து பார்த்தார்கள். 22 பேரில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை. அந்த 15ல் 13 பேர் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்தது பாதரசம். தோலில் கருமை உண்டாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால்தான் கலக்கிறார்கள். தோல் வழியாக ரத்தத்துக்குப் போய் சிறுநீரகத்தில் தங்கும். கேரள மருந்து கட்டுப்பாட்டுத் துறை 2023ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடை கடையாகச் சோதனை போட்டது. நம் பக்கமும் அதைச் செய்ய வேண்டும் என்றுதான் நான் ஒன்றரை வருடமாக அலைகிறேன்.

வெளுப்பு மோகம் போனோடு வந்ததா? இல்லை. ஃபேர் அண்ட் லவ்லி 1975லேயே வந்துவிட்டது. 2020ல் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'குளோ' ஆனது. 2009ல் நம் சென்னையிலிருந்துதான் கவிதா இம்மானுவேல் கறுப்பு அழகு என்று ஓர் இயக்கமே தொடங்கினார், நடிகை நந்திதா தாஸ் பின்னால் அதில் சேர்ந்தார். அப்போது விளம்பரம் என்றால் டிவியில் வந்து போகும், அதில் இருப்பவள் நடிகை என்று நமக்குத் தெரியும். இப்போது வெளுத்து நிற்பது நம் வகுப்புத் தோழி, நம் சித்தி மகள், கடைசியில் நம்முடைய முகமே. இன்ஸ்டாகிராம் கம்பெனி தன் உள் ஆய்வில் என்ன கண்டது என்பது 2021ல் வெளியே கசிந்தது: தன் உடம்பை நினைத்து வருந்துகிற பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துகொண்டே நடத்தினார்கள். நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து, காசு வாங்கிக்கொண்டு போடுகிற படத்தில் உடம்பையோ தோலையோ திருத்தியிருந்தால் திருத்தியது என்று முத்திரை போட்டாக வேண்டும், சட்டம்.

எடையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பிஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995ல்தான் டிவி வந்தது. பருமனாக இருப்பதை அழகு என்று நினைத்த ஊர் அது. மூன்றே வருடத்தில் அங்கே பள்ளிப் பெண்களில் 11 சதவீதம் பேர் மெலிவதற்காகச் சாப்பிட்டதை வாந்தி எடுப்பதாகச் சொன்னார்கள், முன்னால் அப்படிச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஒரு டிவிக்கே அப்படி. பையன்கள், ஜிம், புரோட்டீன் பவுடர் கதைக்கு இன்று நேரம் இல்லை, இன்னொரு நாள் பேசுகிறேன்.

நமக்கும் வெளுப்பு ஒரு காலத்தில் அழகாக இருக்கவில்லை பிள்ளைகளே. திருக்குறளில் 119ஆம் அதிகாரம் பசப்புறு பருவரல், பத்துக் குறளும் உடம்பு வெளிறிப் போகிற துன்பத்தைப் பற்றியது. பசப்பு என்றாலும் பசலை என்றாலும் காதலனைப் பிரிந்தவள் உடம்பில் படர்கிற வெளிறல், அது நோய். சங்கப் பாட்டில் தலைவி தொலைத்துவிட்டேனே என்று அழுவது மாமை நிறத்தை, மாந்தளிர் போல மின்னுகிற மாநிறத்தை. கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று என் ஆச்சி எழுதப் படிக்கத் தெரியாமலே சொன்னது அந்தப் பழைய ரசனையைத்தான். தலைமை ஆசிரியை அம்மாவிடம் ஒரு வேண்டுகோள், பள்ளிக் குரூப் போட்டோவைத் தயவுசெய்து பியூட்டி மோட் அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

வாசல் மேஜையில் மனு இருக்கிறது. சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கிரீம் விற்கிற கடைகளைச் சோதிக்க வேண்டும், கொரியரில் வருகிற பெயரில்லாத டப்பாவில் பாதரசம் இருக்கிறதா என்று அரசு பார்க்க வேண்டும், வெளுக்க வைக்கிறேன் என்று விளம்பரம் செய்தால் தண்டனை என்று 2020 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு வரைவு கொண்டு வந்ததே, அதைச் சட்டமாக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். 18 வயது ஆனவர்கள் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் லேபிள் இல்லாத டப்பா இருந்தால் ஒளிக்காமல் கொண்டு வந்து கொடுங்கள், யார் கொடுத்தது என்று எழுதமாட்டோம். கிரீம் பூசிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் பயந்து சட்டென்று நிறுத்திவிட வேண்டாம், கூட்டம் முடிந்து டாக்டரம்மா அரை மணி நேரம் இங்கேதான் இருப்பார்கள், தனியாகப் போய்ப் பேசுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு காலை எட்டரை பஸ்ஸில் போகிறோம். என் அக்கா பேத்தியும் வருகிறாள், முகம் இன்னும் முழுசாக ஆறவில்லை, அப்படியே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வணக்கம்.