வட்டத்தை விடுங்க, தட்டைப் பாருங்க

வணக்கம். இன்னைக்கு முன்னுரை இல்ல, நேரா விஷயம். மறுபடியும் அதே படம் சுத்துது: அகார் தட்டு (பாக்டீரியா வளர்க்கற கூழ் ஊத்தின தட்டு), நடுவுல கடற்பஞ்சுச் சாறு ஊறின காகித வில்லை, சுத்தித் தெளிவா ஒரு வட்டம். "புது ஆன்டிபயாட்டிக்"னு தலைப்பு. இந்த வட்டத்தைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும்னு பழைய வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும்.

கிருமி செத்ததை மட்டுமா வட்டம் காட்டுது? பொருள் அகாருக்குள்ள எவ்வளவு தூரம் பரவுச்சுங்கறதும் அதுல சேர்ந்திருக்கு. குதிரைலாட நண்டோட ரத்த அணுக்கள்ல 1988-ல கண்டுபிடிச்ச டாக்கிப்ளெசினையே எடுத்துக்கங்க, பாக்டீரியாவைக் கொல்ற ஒரு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம். 17 அமினோ அமிலம்தான், அதுல ஆர்ஜினின் அஞ்சு, லைசின் ஒண்ணு. அத்தனையும் நேர்மின்சுமை. அகார்ல எதிர்மின்சுமை உள்ள சல்ஃபேட் இருக்கு. பெப்டைடு அங்கேயே ஒட்டிக்கும், வட்டம் சிறுத்துடும், அருமையான சரக்கை நீங்க குப்பையில போட்டுடுவீங்க.

அதனால குழித்தட்டுல எம்ஐசி, அதாவது பாக்டீரியா வளர்ச்சியை நிறுத்தற குறைந்தபட்ச செறிவைப் பாருங்க. ஆனா எந்தத் தட்டு? பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் வேணாம். திரும்பச் சொல்றேன், பாலிஸ்டைரீன் வேணவே வேணாம்! பெப்டைடு அதோட சுவர்ல ஒட்டிக்கும். செல் வளர்ப்புக்குன்னு பதப்படுத்தின தட்டு இன்னும் மோசம், அதோட பரப்புல எதிர்மின்சுமை கூடுதல். செறிவு குறைஞ்ச குழியிலதான் இழப்பு ரொம்ப உறைக்கும், எம்ஐசியைத் தீர்மானிக்கறதும் அந்தக் குழிகள்தான். பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்ல வாங்குங்க. மங்கலாத்தான் இருக்கும், பரவாயில்ல. உருண்டை அடி உள்ள தட்டுன்னா, பாக்டீரியா வளர்ந்துச்சான்னு தெரிய அடியில படியற பொட்டே போதும். நீர்க்கச் செய்யற குழாயும் பாலிப்ரொப்பிலீன்தான் இருக்கணும், இங்கதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க.

பெப்டைடைக் குழியில வேண்டிய செறிவைப் போலப் பத்து மடங்குல வெச்சுக்கங்க. கரைக்கறதுக்கு 0.01 சதவீத அசெட்டிக் அமிலம், அதுல 0.2 சதவீத மாட்டு சீரம் அல்புமின். பிளாஸ்டிக்ல ஒட்டற இடத்தை அல்புமின் முன்னாடியே பிடிச்சுக்கும். அங்கிருந்து பாதி பாதியா நீர்த்துட்டுப் போங்க. குழிக்கு 11 மைக்ரோலிட்டர் பெப்டைடு கரைசல், 100 மைக்ரோலிட்டர் பாக்டீரியா கலந்த முல்லர்-ஹின்டன் பிராத் (பாக்டீரியா வளர்க்கற திரவம்). மில்லிலிட்டருக்கு 5 லட்சம் உயிரணு. 37 டிகிரி, 18 மணி நேரம். பெப்டைடு இல்லாத ஒரு குழி, பாக்டீரியா இல்லாத ஒரு குழி, ரெண்டும் கட்டாயம்.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன், பின்னாடி போறேன். கடற்பஞ்சு கடல்நீரை உறிஞ்சி வெச்சிருக்கும். தண்ணியில எடுத்த சாறுன்னா உப்பும் கூடவே வரும், அந்த உப்பே பாக்டீரியாவை அடக்கிடும். முதல்ல சி-18 பத்தியில (சாற்றுல உள்ள சேர்மங்களைப் பிடிச்சுக்கிட்டு உப்பை விட்டுடற வடிகுழாய்) ஏத்தி, தண்ணியால நல்லாக் கழுவி, அப்புறம் மெத்தனால்ல இறக்குங்க. மெத்தனாலை முழுக்க ஆவியாக்கிடணும். சாறே போடாத வெறும் மெத்தனாலையும் அதே மாதிரி உலர்த்தி, ஒரு குழியில வைங்க.

எல்லாமே பெப்டைடு இல்லங்கறதையும் சொல்லிடறேன். நாய்ச்சுறாவுல 1993-ல கிடைச்ச ஸ்குவாலமின் ஒரு ஸ்டீராய்டு வகை. எனக்கு ரொம்பப் பிடிச்ச மூலக்கூறு, ஆனா அதுக்கும் நேர்மின்சுமை உண்டு, அகார்ல தடுமாறும்.

எம்ஐசி கிடைச்சதும் தலைப்பு போட ஓடாதீங்க. அதே செறிவையும் அதைவிடப் பல மடங்கையும் ரத்தச் சிவப்பணுவுல வெச்சுப் பாருங்க. டாக்கிப்ளெசின் அங்கதான் மாட்டுது, பாக்டீரியாவோட சவ்வைக் கிழிக்கறது நம்ம சிவப்பணுவையும் உடைக்குது.