கிராபியில் படகு எடுக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள்!

[திரையில்: கடல் நடுவே மணல் திட்டில் நடக்கும் கூட்டம், மேலிருந்து எடுத்த காட்சி]

வணக்கம் மக்களே! தாய்லாந்தில் நடுக்கடலில், ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போகிறார்கள், பாருங்கள். கிராஃபிக்ஸ் இல்லை. சில மணி நேரம் கழித்துப் போனால் இதே இடத்தை நீந்தித்தான் கடக்க வேண்டும். நூறு பேர் இதைப் பார்க்கப் போனால் பாதிப் பேர் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். காரணம் சுலபம்: போன நாள் தப்பு, இல்லையென்றால் போன நேரம் தப்பு. அந்த நாளையும் நேரத்தையும் எப்படிப் பிடிப்பது, அதற்கு ஏன் டூர் டிக்கெட்டைவிட வாடகைப் படகு நல்லது, இதுதான் இன்றைய வீடியோ.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இடம் கிராபி, தாய்லாந்தின் தென்மேற்கில் அந்தமான் கடலோரம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, அலை முரடு. ஆ நாங் கடற்கரையில் படகுக்காரர்களின் டிக்கெட் கவுண்ட்டர் இருக்கிறது, விலைப் பலகையும் அங்கேயே. அரை நாள் அல்லது முழு நாள் எடுக்கலாம். தனிப் படகு என்றால் வாடகை படகுக்குத்தான், ஆளுக்கு இல்லை. நான்கைந்து பேராகப் போனால் பங்கு போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முழு நாள் படகு எடுத்தால் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நீங்கள் இப்போது பார்த்த மணல் திட்டு. தலே வேக் என்று பெயர். தண்ணீர் வற்றும்போது தூப் தீவையும் மோர் தீவையும் சிக்கன் தீவையும் மணல் இணைத்துவிடும். இரண்டாவது, ஹாங் தீவின் உப்பங்கழி. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைச் சுவர், நடுவில் பச்சைத் தண்ணீர், உள்ளே போக ஒரு குறுகலான வாசல்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மணல் திட்டு தெரிய வேண்டுமென்றால் தண்ணீர் வற்ற வேண்டும். உப்பங்கழிக்குள் படகு மிதக்க வேண்டுமென்றால் தண்ணீர் ஏற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. அந்தமான் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். காலையில் ஏற்றம் என்றால் முதலில் ஹாங், பிற்பகலில் மணல் திட்டு. காலையில் வற்றம் என்றால் அப்படியே தலைகீழ். இன்று பத்து மணிக்கு இருந்த வற்றம் நாளைக்குப் பத்தே முக்கால், பத்து ஐம்பதுக்கு வரும், ஏனென்றால் நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. ஆனால் டூர் கம்பெனியின் வேன் தினமும் ஒரே நேரத்துக்குத்தான் உங்கள் ஓட்டல் வாசலில் ஹாரன் அடிக்கும்! அவர்களைக் குறை சொல்லவில்லை, முப்பது பேரை வைத்துக்கொண்டு நிலாவைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

இப்போது பஞ்சாங்கத்துக்கு வருகிறேன். (கமெண்டில் திட்டத் தயாராக இருப்பவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள்.) அமாவாசை, பௌர்ணமி இரண்டிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கின்றன. சூரியனும் நிலாவும் சேர்ந்து இழுப்பதால் ஏற்றம் அதிகம் ஏறும், வற்றம் அதிகம் வற்றும். மணல் திட்டு அகலமாகத் தெரியும். அஷ்டமியில் நிலா பாதி. சூரியன் ஒரு பக்கம், நிலா செங்குத்தாக இன்னொரு பக்கம் இழுக்கின்றன. ஒன்றின் வேலையை மற்றொன்று குறைத்துவிடும். தண்ணீர் சோம்பேறித்தனமாகக் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். மணல் சரியாக வெளியே வராமலே போகலாம். கடல் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்கும் என்பதால் இந்த விளைவு ஒன்றிரண்டு நாள் தள்ளியே உச்சத்துக்கு வரும். அதாவது அஷ்டமியோடு நவமியும் சேர்த்தி! எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது மக்களே. ஆனால் கிராபிக்கு விமான டிக்கெட் போடும்போது அஷ்டமி நவமி பார்ப்பேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை. திதி நாளைச் சொல்லும், மணியைச் சொல்லாது. மணிக்கு அந்தத் தேதிக்கான கிராபி டைட் டேபிளை, அதாவது ஏற்ற வற்ற நேரப் பட்டியலைத் தேடி, ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கவுண்ட்டரில் காட்டுங்கள். மொழி தெரியாவிட்டாலும் படகுக்காரருக்குப் புரிந்துவிடும்.

[திரையில்: படகின் பின்பக்கம், மெதுவாக ஓடும் காட்சி]

இந்தப் படகைப் பாருங்கள். மரப்படகின் பின்னால் உட்கார்ந்திருப்பது கார் அல்லது பிக்கப் வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின்! அதிலிருந்து நீளமான ஒரு இரும்புத் தண்டு, அதன் நுனியில் விசிறி. சுக்கான் கிடையாது, படகுக்காரர் கைப்பிடியைப் பிடித்து எஞ்சினையே திருப்புகிறார். ஆழம் குறைந்தால் விசிறியை அப்படியே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவார். மணல் திட்டுக்கு அருகே இந்தப் படகு சுலபமாக ஒதுங்குவது இதனால்தான். நம்ம ஊர்க் கரைகளில் நிற்கும் ஃபைபர் படகுகளிலும் நீளத் தண்டு டீசல் எஞ்சின் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட ஒரே குடும்பம். சத்தம் மட்டும் காது கிழியும், முன்பக்கமாக உட்காருங்கள். ஆனால் படகின் மூக்கில் கட்டியிருக்கும் வண்ணத் துணியையும் பூமாலையையும் மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள். அது மே யா நாங் என்ற படகின் காவல் தேவதைக்குச் சாத்தியது. இதை நமக்கு விளக்க வேண்டுமா என்ன!

ஒரு சின்னச் சுற்று. இதே கிராபி மாகாணத்தில், கிளோங் தோம் என்ற ஊரில், பொற்கொல்லர் ஒருவரின் உரைகல் கிடைத்திருக்கிறது. அதில் தமிழ் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. அங்குள்ள பௌத்தக் கோயில் அருங்காட்சியகத்தில் அது புகழ்பெற்ற பொருள். நமக்கு முன்னாலேயே ஒருத்தர் இந்தக் கடலுக்கு வந்து, தங்கமும் உரசிப் பார்த்திருக்கிறார்! அவருக்கு ஒரு லைக் போடுங்கள்.

ஸ்நார்க்கலிங், அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடி மீன் பார்ப்பது? மாஸ்க்கை வாங்கியதும் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் அளவு. அடர்ந்த மீசைக்காரர்களுக்குத் தண்ணீர் கசியும். மீசையா மீனா, நீங்களே முடிவு செய்யுங்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதனால் ஊருக்கு வந்து மீனின் நீளத்தைக் கையால் காட்டும்போது கொஞ்சம் குறைத்துக் காட்டுங்கள். பவளத்தைக் கடித்துத் தின்னும் கிளிமீன் கண்ணில் பட்டால் பின்னாலேயே போங்கள். தின்ற பவளத்தை அரைத்து மணலாகக் கழிக்கும். நீங்கள் படுத்துச் செல்ஃபி எடுத்த வெள்ளை மணலில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும், மன்னிக்கவும். பாறை ஓரம் கறுப்பாக நீள முள்ளோடு இருப்பது கடல் முள்ளெலி. காலை ஊன்றாதீர்கள். மீன்களுக்கு ரொட்டி போடாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே ஏறுங்கள், நீச்சல் தெரிந்தாலும்.

பணம் பற்றி ஒன்று. தேசியப் பூங்காக் கட்டணம் பெரும்பாலும் படகு வாடகையில் சேராது. ஹாங் தீவு ஒரு பூங்கா, சிக்கன் தீவு, பொடா தீவு பக்கம் வேறொரு பூங்கா, இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். வெளிநாட்டுக்காரர்களுக்கான கட்டணத்தைப் பார்த்தால் முகம் சுருங்கும், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சன்ஸ்கிரீன்: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட நான்கு ரசாயனங்கள் உள்ளவற்றைத் தாய்லாந்து தன் கடல் பூங்காக்களில் 2021-இல் தடை செய்துவிட்டது. அபராதம் 1 லட்சம் பாட் வரை போகலாம். டியூபின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். என்னைக் கேட்டால், முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று வாங்கிவிடுங்கள், முதுகுக்குக் களிம்பே வேண்டாம்.

நீங்கள் போகப் போகும் தேதியையும் அன்றைய திதியையும் கமெண்டில் போடுங்கள். மணல் திட்டு தெரியுமா என்று நானும் மற்றவர்களும் பார்த்துச் சொல்கிறோம். அஷ்டமியில் டிக்கெட் போட்டவர்கள் ஹாங் தீவில் கூடுதல் நேரம் இருங்கள்.