நாய்க்குக் கதாநாயகன் பெயரா? முதலில் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள்

[திரையில்: பெயரைக் கேட்டதும் காதை நிமிர்த்தும் நாய்]

ஷெர்லாக், டார்ஜான், வந்தியத்தேவன். நாய்க்கு எந்த நாயகன் பெயரையும் வைக்கலாம். ஆனால் ஷெர்லாக்கின் மூளையும் வந்தியத்தேவனின் துடுக்கும் அதற்குத் தெரியப்போவதில்லை. அதன் காதில் விழுவது வெறும் ஒலிதான். அந்த ஒலி உங்கள் கட்டளைச் சொற்களோடு மோதக்கூடாது.

2020-ல் புடாபெஸ்டின் ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். பழகிய கட்டளையையும் அதைப் போல ஒலிக்கவே ஒலிக்காத, பொருளில்லாத சொல்லையும் நாய் மூளை பிரித்தது. ஒரே ஓர் ஒலி மட்டும் மாறிய சொல்லில் அந்த வித்தியாசம் தென்படவில்லை.

[திரையில்: ரே / ஸ்டே, நியோ / நோ, டான் / டவுன்]

அதனால்தான் பெயரும் ஆங்கிலக் கட்டளையுமான இந்த ஜோடிகள் ஆபத்து. தமிழில் கட்டளை கொடுப்பவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். 'வாட்சன்' தொடங்குவதே 'வா'வில். "வாட்சன், நில்" என்றால் நில் வருவதற்குள் நாய் கிளம்பியிருக்கும்.

வந்தியத்தேவன் இன்னும் வேடிக்கை. முழுப்பெயரை யாரும் கூப்பிடப் போவதில்லை, சீக்கிரமே 'வந்தியா' ஆகிவிடும். "குளிச்சிட்டு வந்தியா?", "பார்த்துட்டு வந்தியா?" என்று வீட்டில் யார் யாரைக் கேட்டாலும் நாய் திரும்பிப் பார்க்கும். தன்னை இல்லை என்று தெரியத் தெரிய, திரும்புவதையே விட்டுவிடும். பின்பாதியை எடுத்து 'தேவு' என்று வையுங்கள்.

இரண்டு அசை போதும். கிரேக்க எழுத்தாளர் செனொஃபோன் வேட்டை நாய்களைப் பற்றி எழுதும்போதே, கூப்பிட எளிதான குட்டைப் பெயர் வையுங்கள் என்று சொல்லி 47 பெயர்களை அடுக்கியிருக்கிறார். டின்டின், ராபின், மௌக்லி எல்லாம் நன்றாக எடுபடும். இரண்டு நாய் என்றால் ஃப்ரோடோ, பில்போ வேண்டாம். இரண்டும் 'ஓ'வில் முடிகின்றன, ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் ஓடி வரும்.

கதை முடியாத தொடரின் நாயகன் பெயரையும் தவிர்ப்பது நல்லது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் நாயகியை நினைத்து 'கலீசி' என்று ஆசையாக வைத்தவர்கள், 2019-ல் கடைசிப் பகுதிகளில் அவள் கொடியவளாக மாறியதைப் பார்த்துவிட்டு விழித்தார்கள். தலைகீழாக நடந்ததும் உண்டு: ஹாலிவுட் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் வளர்த்த அலாஸ்கன் மாலமூட் இன நாயின் பெயர் இண்டியானா. சவுக்கு சுழற்றும் தொல்லியல் நாயகன் இண்டியானா ஜோன்ஸுக்குப் பெயர் வந்தது அந்த நாயிடமிருந்துதான்.

[திரையில்: பட்டாணி அளவு தீனித் துண்டுகள்]

இனி பழக்குவது. சத்தமில்லாத அறை, பட்டாணி அளவு தீனி. நாய் வேறெங்கோ பார்க்கும்போது பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். தலை திரும்பிய நொடியே "யெஸ்", உடனே தீனி. நேரம் கடந்து கொடுத்தால், இடையில் அது செய்த வேறு எதற்கோ பரிசு போய்ச் சேரும். ஒரு தடவைக்கு 5 முதல் 7 முறை, நாளுக்கு 3 தடவை. தீனி, நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

திரும்பவில்லையா? "தேவு, தேவு, தேவு" என்று அடுக்காதீர்கள். மூன்றாவது முறைக்குத்தான் திரும்ப வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். நாக்கைச் சொடுக்கிக் கவனத்தை இழுங்கள், அடுத்த முறை இன்னும் பக்கத்தில் நின்று கூப்பிடுங்கள். அறையில் தவறாமல் திரும்பினால் அடுத்த அறை, பிறகு வாசல், கடைசியாகத் தெரு, அதுவும் கயிற்றோடு. முதல் நாளே தெருவில் தொடங்கினால் வாசனைகளோடு உங்கள் குரல் போட்டி போட முடியாது.

திட்டும்போது பெயர் வேண்டாம். பெயர் வந்தாலே வசவு வரும் என்றாகிவிட்டால் நாய் எதிர்ப்பக்கம் நடக்கும்.

தத்தெடுத்த நாய்க்குப் பழைய பெயர் இருந்தால் புதியதை முதலில், பழையதை ஒட்டினாற்போல் பின்னால் சொல்லுங்கள்: "டின்டின், டாமி", பிறகு தீனி. வரிசை மாறினால் பழைய பெயரிலேயே திரும்பிவிடும், புதியது காதில் ஏறாது. 'டின்' என்னும்போதே தலை திரும்பத் தொடங்கியதும் டாமியை விட்டுவிடலாம்.