புகை தெரியுது, நெருப்பைத் தேடுவம்

(திருகோணமலையில எங்கட சனசமூக நிலையத்தில பேசினதை, வராதவைக்காக எழுதிப் போடுறன்)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் ஐயா, வேலைக்கு நடுவில வந்திருக்கிற சுகாதார வைத்திய அதிகாரி, பிஎச்ஐ எண்டுற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா, ஒவ்வொரு வீட்டுப் படலையும் தெரிஞ்ச எங்கட மிட்வைஃப் மிஸ், அதிபர், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், ஃபாதர், மாதர் சங்க அக்காமார், மீனவர் சங்கத்து அண்ணன்மார், கதிரை இல்லாம பின்னால நிக்கிற தம்பிமார், ஆரையும் விட்டிருந்தா கோவிக்க வேண்டாம். இந்த மண்டபத்தை காசு வாங்காம தந்த தலைவர் ஐயாவுக்கு விசேஷமா நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு பிள்ளையளின்ட சுவாசப்பை. மூண்டு விஷயம் சொல்லுவன், குப்பைப் புகை, சிகரெட் புகை, அடுப்புப் புகை. நெருப்பில்லாம புகையாது எண்டு எங்கட ஆக்கள் சும்மா சொல்லேல்ல. பிள்ளை இருமினா பனி, ஐஸ்கிறீம், சளி எண்டு சொல்லிட்டு விட்டிடுறம், நெருப்பு எங்க எண்டு ஆரும் தேடுறதில்ல.

பிறக்கேக்க பிள்ளையின்ட சுவாசப்பைக்குள்ள காத்தறைகள் சில கோடிதான் இருக்கும், வளந்த ஆளுக்கு 30 கோடிக்கு மேல. மிச்சமெல்லாம் பிறந்தாப் பிறகு, எங்கட வீட்டுக் காத்தைக் குடிச்சுத்தான் வளருது. இருபது வயசு தாண்டும் வரைக்கும் சுவாசப்பையின்ட பலம் ஏறும், பிறகு மெல்ல மெல்ல இறக்கம்தான். சின்ன வயசில ஏற வேண்டிய அளவு ஏறாதவைக்கு ஐம்பது வயசில படி ஏறவே மூச்சு வாங்கும். சிஓபிடி எண்டுற நாட்பட்ட சுவாசப்பை நோயால 2019ல மட்டும் உலகத்தில 32 லட்சத்துக்கு மேல சனம் செத்திருக்கு, இது சிகரெட் குடிச்ச கிழவனுக்கு மட்டும் வாற வருத்தமில்ல.

எங்கட ஒழுங்கையில ஒரு பொடியன், மூண்டாம் ஆண்டு படிக்கிறான், பேர் வேண்டாம், தாய் இஞ்சதான் இருக்கிறா, சொல்லச் சொல்லி அவதான் கேட்டவ. கச்சான் காத்து தொடங்கினா அவனுக்குத் தொய்வும் (ஆஸ்துமா) தொடங்கும், இரவில நெஞ்சு விசில் அடிக்கும், ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம், நெபுலைஸ் பண்ணி விடியத் திரும்பி வருவினம். டொக்டர் மருந்தை வாயால இழுக்கிற பம்ப் (இன்ஹேலர்) குடுத்தா, அது பழகிடும் எண்டு அம்மம்மா அலுமாரிக்குள்ள உடுப்புக்குக் கீழ ஒளிச்சு வச்சிட்டா. (அம்மம்மாமாரே, பம்ப் பழகாது, அது மருந்து, டொக்டர் சொன்ன மாதிரி இழுக்க விடுங்க.) தாய் முட்டையை நிப்பாட்டினா, வாழைப்பழத்தை நிப்பாட்டினா, பூனையைக் கொண்டு போய் உப்புவெளியில விட்டா, அது ஒரு கிழமைக்குள்ள திரும்பி வந்திட்டுது.

ஒருநாள் பின்னேரம் கொடியில காயப்போட்ட வெள்ளை யூனிஃபோர்மை எடுக்கப் போனா, தோளில எல்லாம் கறுத்த நூல் மாதிரி ஒட்டியிருக்கு, தட்டினா போகேல்ல, இழுபட்டு கோடு கோடா அப்பிட்டுது. மதிலுக்கு அங்கால பாத்தா பக்கத்து வீட்டு ரிட்டயர் ஆன ஐயா குப்பை எரிக்கிறார், தென்னோலைக்குக் கீழ ஷொப்பிங் பேக், யோகட் கப், உருகிச் சொட்டுச் சொட்டா விழுந்து எரியுது. நல்ல மனுசன். குப்பையை வாசல்ல வச்சா லொறி வர முதல் மானும் மாடும் கிழிச்சு றோட்டெல்லாம் இழுக்குது எண்டுதான் எரிச்சவர், சிகரெட்டைத் தொட்டதே இல்லாத மனுசன் இருமி இருமித்தான் எரிச்சுக்கொண்டு நிண்டவர். "இலைதானே பிள்ளை எரிக்கிறன்" எண்டார். தாய் ஒண்டும் சொல்லாம அந்தக் கறுத்த யூனிஃபோர்மைக் காட்டினா. அடுத்த கிழமை அவரே மூடி போட்ட பரல் வாங்கி படலையோட கட்டிட்டார், மான் தலை போடேலாது. பொடியனுக்குத் தொய்வு மாறிட்டுது எண்டு சொல்லமாட்டன், அது அப்பிடிப் போற வருத்தமில்ல, ஆனா பம்ப் ஒழுங்கா இழுக்கிறான், இரவு ஓட்டோ ஓட்டம் குறைஞ்சிருக்கு.

நெருப்பில்லாம புகையாது. அந்த நெருப்பு மதிலுக்கு அங்கால இருந்தது. பிளாஸ்டிக் குறைஞ்ச சூட்டில எரியேக்க டயொக்சின் மாதிரி நஞ்சும், தலைமயிர் தடிப்பில இருபதில ஒரு பங்கு கூட இல்லாத துகளும் வருது, அது மூக்கில நிக்காது, நேரா உள்ளுக்க போகும். குப்பையைத் திறந்தவெளியில எரிக்கக் கூடாது எண்டு 2017 செப்டம்பர்ல வர்த்தமானியே வந்திட்டுது. ஆனா சட்டத்தைக் காட்டி சனத்தை மட்டும் ஏசுறது நியாயமில்ல. லொறி எந்த நாள் எத்தனை மணிக்கு வரும் எண்டு ஒவ்வொரு ஒழுங்கையிலயும் எழுதிப் போடுங்க, சொன்ன நாளுக்கு வாங்க, மேடையில இருக்கிற பெரியாக்களிட்ட கைகூப்பிக் கேக்கிறன்.

சிகரெட்டைப் பற்றி 2006ல வந்த சட்டம் இருக்கு, 21 வயசுக்குக் குறைஞ்சவைக்கு விக்கேலாது, கடைக்கார அண்ணன்மாருக்குத் தெரியும். நுளம்புத்திரியும் புகைதான், நுளம்பு வலையைக் கட்டுங்க. அடுப்புப் புகை பெரிய கதை, தலைவர் ஐயா மணிக்கூட்டைப் பாக்கிறார், அது இன்னொரு நாளைக்கு.

இப்ப கேக்கிறது ஒண்டுதான். பிள்ளை இருமினா, நெருப்பில்லாம புகையாது எண்டு நினைச்சு மதிலுக்கு அங்காலயும் இஞ்சாலயும் பாருங்க. குப்பை எரிக்காத ஒழுங்கை எண்டு தொடங்கியிருக்கிறம், வாசல்ல கொப்பி இருக்கு, ஒழுங்கையின்ட பேரையும் பொறுப்பா நிக்கிற ஒராளின்ட பேரையும் எழுதிட்டுப் போங்க. பரல் வாங்க வசதி இல்லாத வீடெண்டா அதையும் எழுதுங்க, மாதர் சங்க அக்காமார் சேத்துத் தாறம் எண்டு சொல்லியிருக்கினம்.